மாப்பிள்ளைக்கு ஒரு துணை

அந்த நாற்காலி வேணாங்கய்யா, கால் ஆடும். இதுல உக்காருங்க. சார் முகம் கழுவப் போயிருக்காரு, வந்துருவாரு. அவர விசாரிக்கத்தான் வந்திருக்கீங்கன்னு வாட்ச்மேன் சொன்னாரு. அந்தத் தவளை எப்படிச் செத்துச்சுன்னு நீங்க எழுதுறத வெச்சுத்தான் சாருக்கு இங்க வேலை உண்டா இல்லையாங்கிறதே முடிவாகுமாமே?

நானா? இந்த ஆராய்ச்சிக் கூடத்தக் கூட்டிப் பெருக்குறவ. பதினோரு வருஷமாச்சு. ஆறாவதோட என் படிப்ப நிறுத்திட்டாங்க. ஆனா தவளையப் பத்திக் கேளுங்க, சொல்றேன். எல்லாம் சார் சொன்னதுதான். அவருக்கும் யார்கிட்டயாவது சொல்லணும்ல, நாள் பூரா இங்க நிக்கிறது நான் ஒருத்திதானே.

அதோ ஜன்னல்ல ரெண்டு மலை தெரியுது பாருங்க. ஒரு காலத்துல நடுவுல இருக்குற பள்ளமும் குளுகுளுன்னு காடாத்தான் இருந்துச்சாம். தவளைங்க போக வர இருந்துருக்கு. அப்புறம் சூடு ஏற ஏறப் பள்ளம் காஞ்சுபோச்சு. குளுமையத் தேடி பாதி இந்த உச்சிக்கு ஏறிடுச்சு, பாதி அந்த உச்சிக்கு. எறங்குனா செத்துரும். அப்படியே லட்சக்கணக்கான வருஷம். அக்கா தங்கச்சி ரெண்டு பேரு ஆளுக்கொரு ஊருக்கு வாக்கப்பட்டுப் போய், போக்குவரத்தும் நின்னுபோச்சுன்னா, பேரப்பிள்ளைங்க காலத்துல யாரோ எவரோதானே? அந்தக் கதைதான். பார்க்க ஒரே அச்சு. எனக்கு இன்னைக்கு வரைக்கும் வித்தியாசம் தெரியாது. ரத்தத்த மிஷின்ல போட்டாத்தான் வம்சமே வேறன்னு தெரியுமாம்.

இந்தப் பக்கத்து உச்சி சின்னதுங்க. சொந்தத்துக்குள்ளயே கட்டிக் கட்டி எல்லாம் ஒண்ணுபோல ஆயிடுச்சாம். ஒரு நோய் வந்தா தாக்குப்பிடிக்க ஒண்ணாவது வேற மாதிரி இருக்கணும்ல? இல்ல. வெயிலும் ஏறிட்டே வருது, அதுக்கு மேல ஏற மலையும் இல்ல. கடைசியில ஒத்தை ஆண் தவளைதான் கெடச்சுச்சு. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். நான் மாப்பிள்ளைன்னு பேரு வெச்சேன். நீங்களும் சிரிக்கிறீங்க பாருங்க. சாரும் சிரிச்சாரு. ரெண்டு வருஷமா அதுக்குப் பொண்ணு தேடி மலை ஏறி எறங்குனாரு. பொண்ணு வீட்ல என்ன சொன்னாங்க சார்னு கேப்பேன். யோசிச்சுச் சொல்றாங்களாம்மான்னு கால் சேத்தத் தட்டிக்கிட்டே சொல்லுவாரு.

அது கத்துறத நீங்க கேட்டதில்லையே. கல்லால கிண்ணத்தத் தட்டுனாப்புல, டிக், டிக்னு. கொஞ்சம் நிறுத்தும். பதில் வருதான்னு பார்க்கும். மறுபடி டிக், டிக். நாள் பூரா இதேதான். எனக்குத் தாங்காதுங்க. வீட்ல நானும் அப்படித்தான். வீட்டுக்காரர் போய் நாலு வருஷமாச்சு, இன்னும் அடுப்படியிலேர்ந்து ஏதாவது கேட்டுட்டு, பதில் வருமான்னு நிக்கிறேன்.

அந்த வாளிங்களா? சிவப்பு மாப்பிள்ளை இருந்த இந்தத் தொட்டிக்கு, பச்சை அந்தக் கடைசித் தொட்டிக்கு. அதுல இருக்குறது அந்தப் பக்கத்து மலைத் தவளைங்க. வலை, துணி, கையுறை எல்லாமே தனித்தனி. பச்சை இந்தப் பக்கம் வந்துச்சுன்னா சாருக்குப் பொல்லாத கோவம் வரும். சுத்தக்காரரு, அதான் படுத்துறாருன்னு நெனச்சேன். அதுங்க தோல்ல ஒரு பூஞ்சை இருக்காம், அதுங்களுக்குப் பழகிப்போச்சாம், மாப்பிள்ளைக்குப் பட்டா எமனாம். உலகத்துக் கதையெல்லாம் சொன்ன மனுஷன், இத மட்டும் அது செத்தப்புறம்தான் சொன்னாரு.

நான்தாம்மா ஏதோ அவசரத்துல கையுறை மாத்தாம தொட்டுட்டேன், என் கைதாம்மா கொன்னுருச்சுன்னு அன்னைலேர்ந்து பொலம்புறாரு. ஒரு வாய் ஒழுங்கா சாப்பிடல. உங்ககிட்டயும் அதத்தான் சொல்லப்போறாரு. சொன்னா நம்பாதீங்க. அவர் மறக்குற ஆளே இல்ல.

எப்படித் தெரியுமா? போன மாசம் மறுபடி பொண்ணு தேடப் போனாருல்ல, மூணு நாள். அந்த மூணு நாளும் இங்க நான் மட்டும்தான். அது வேற விடாம கத்துது. ரெண்டும் பார்க்க ஒண்ணுதானே, பள்ளம் காயுறதுக்கு முந்தி சொந்தந்தானேன்னு, கடைசித் தொட்டியிலேர்ந்து ஒண்ணப் புடிச்சு இதுல விட்டேன். சார் வர்ற அன்னைக்குத் திரும்ப எடுத்து அங்கயே விட்டுட்டேன். யாருக்கும் தெரியாது.

அத உள்ள விட்ட மறுநாள் காலையில வந்து பார்க்குறேன், சத்தமே இல்லங்கய்யா. ரெண்டும் ஒரே இலைக்கடியில உக்காந்திருக்கு. அப்பாடா, இனிமே கத்த வேண்டியதில்லைன்னு, எனக்குக் கண்ணே நெறஞ்சுபோச்சு.

அதோ, சார் செருப்புச் சத்தம். எழுதிக்கிட்டீங்களா? குடுங்க, எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்.