கல்லைத் தாண்டிய கோடு

திருவாரூர் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு இளம்பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“நேத்து பண்ணையார் வரப்ப ஒரே க்ளிக்ல வெட்டிட்டேன்டி.”

“ஐயோ! அடிக்க வரலையா?”

“கம்ப்யூட்டர்லடி. எங்க ஆபீஸ்லதான் வரைபடம் போட்டோம். சர்வேயர் ரெண்டு பக்கத்து ஆளுங்களையும் வச்சுக்கிட்டுத்தான் அளந்தாரு. பண்ணையார் வரப்பு எல்லைக் கல்லத் தாண்டி எங்கம்மா வயலுக்குள்ள வந்திருக்கு. கல்லுக்கு இந்தாண்ட நீட்டிக்கிட்டிருக்குற கோட்ட ட்ரிம் பண்ணணும். மௌஸ மேல வச்சு அமுக்குனா அந்தத் துண்டு மட்டும் போயிடும்.”

“போயிடுச்சா?”

“அவசரத்துல மாத்தி அமுக்கிட்டேன். அவரு பக்கத்துக் கோடு முழுசா காணாமப் போச்சு! படத்துல கையெழுத்துப் போட வந்த மனுசன் எனக்குப் பின்னாலதான் நிக்கிறாரு. ‘ஐயையோ, என் வயலு’ன்னு நெஞ்சப் புடிச்சிக்கிட்டாரு.”

இருவரும் முன்கம்பியில் தலை முட்டச் சிரித்தார்கள்.

“அப்படியே விட்டிருக்கலாம்ல?”

“ச்சீ. அன்டூ போட்டுக் கொண்டாந்துட்டேன். அப்புறம் சரியான துண்ட வெட்டுனேன். கோட்டு மேல வெரல வச்சுப் பாத்தாரு. ‘இனிமே இதுதான் எல்லைங்களா?’ன்னாரு. எங்கம்மாவ வாடி போடின்னே கூப்புட்ட மனுசன்டி, எனக்கு ‘ங்க’ போடுறாரு!”

“கையெழுத்து?”

“அதையும் போட்டுட்டாரு.”

“அம்மா என்ன சொன்னுச்சு?”

“படத்தப் பாத்துட்டு, ‘வயல்ல எப்ப வெட்டுவாங்க?’ன்னு கேட்டுச்சு. நாளைக்குக் காலையிலதான். நான் லீவு சொல்லிட்டேன்.”

“எனக்கும் ஒரு மம்பட்டி எடுத்து வையிடி” என்றாள் மற்றவள்.