விண்ணப்பத்தின் கடைசி வரி

தலைமை நாற்காலியைத் தகுதியால் நிறைத்திருக்கும் தொழில்முனைவோர் சங்கத் தலைவர் அவர்களே, அனுபவத்தால் நரைத்த ஆன்றோர்களே, வீட்டு வேலைக்கும் வெளி வேலைக்கும் நடுவே இந்த ஒரு மணி நேரத்தைத் திருடிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே, ஆள் எடுப்போரே, எடுக்கப்படக் காத்திருப்போரே! அனைவரையும் வணங்குகிறேன்.

'வேலைக்கு எடுக்குமுன் விசாரிப்போம்' என்பது எனக்குத் தந்த தலைப்பு. கள்வரைக் கண்டறிய, கயவரைக் களைந்தெறிய வழி சொல்வேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். சாய்ந்துகொள்ளுங்கள். நான் சொல்லவந்தது ஒரு நல்லவளைப் பற்றி.

ஒரு மருத்துவமனையில் முப்பது ஆண்டுகள் ஆள் எடுக்கும் அதிகாரியாக இருந்தேன். முகத்தைப் பார்த்தே முழு மனிதரையும் அளந்துவிடுவேன் என்ற மமதை எனக்கு. முதுகலைப் பட்டம் வேறு. மமதைக்குக் கேட்கவா வேண்டும்?

சலவைப் பிரிவுக்கு ஒருத்தி வந்தாள். தேய்ந்த செருப்பு, திருத்தமான கையெழுத்து. விண்ணப்பத்தின் கடைசி வரியில், முன்பு வேலை பார்த்த விடுதியின் சலவை மேற்பார்வையாளர் எண்ணை எழுதியிருந்தாள்.

"மேடம், அவங்கள ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டுடுங்க."

"உன் மூஞ்சியே சொல்லுதும்மா. நாளைக்கே வந்துடு."

"இல்ல மேடம், கேட்டுட்டீங்கன்னா நல்லது..."

"உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடும் சூட்டு உருளையில் அவளை நிறுத்தினேன். நான்காம் மாதம், துணைக்கு நின்றவள் சாப்பிடப் போன கால் மணி நேரத்தில் இவளுக்கு வலிப்பு வந்தது. விழுந்த இடம் உருளையின் மேல். ஒன்பது நாள் உயிரோடிருந்தாள், எங்கள் மருத்துவமனையிலேயே. இரண்டு மாடி ஏறிப்போய்ப் பார்க்க எனக்கு ஒரே ஒருமுறைதான் தைரியம் வந்தது.

பத்தாம் நாள் அந்த எண்ணை அழைத்தேன். ஆம், அழைத்தேன்! சாவுச் செய்தி சொல்ல அழைத்தேன்!

"ஐயோ, அவளுக்கு வலிப்பு உண்டேங்க!" என்று அலறினார் அந்த மேற்பார்வையாளர் அம்மாள். "ஆறு வருஷமா துணி மடிக்கிற மேசையிலதான் வெச்சிருந்தேன். 'நானே சொன்னா யாரும் வேலை தரமாட்டேங்கிறாங்க, நீங்க பக்குவமா எடுத்துச் சொல்லுங்கக்கா'ன்னு கெஞ்சிட்டுப் போனா. உங்க ஃபோன் வரும் வரும்னு எத்தனை நாள் பார்த்தேன் தெரியுமா?"

அவையோரே! தன் வாயால் சொல்ல முடியாததை வேறொரு வாய் சொல்லட்டும் என்று அவள் நீட்டிய கை அல்லவா அந்த எண்? தட்டிவிட்டது யார்? படித்த நான். பதவியில் இருந்த நான்.

என்ன, மூன்றாம் வரிசையில்? "அதுக்கெல்லாம் ஏதும்மா நேரம்" என்கிறீர்களா? அந்த மேற்பார்வையாளரிடம் ஃபோனில் நான் பேசியது நான்கே நிமிடம், தம்பி. அவளுடைய இரங்கல் கூட்டத்துக்கு நாற்காலி போடவே அரை மணி நேரமாயிற்று.

அங்கே ஓர் அம்மா கேட்கிறார்: "தெரிஞ்சிருந்தா வேலை குடுத்திருப்பீங்களா?" நல்ல கேள்வி, என்னை நானே கேட்டு நொந்த கேள்வி. மடிக்கும் மேசைக்கு எங்களிடமும் ஆள் தேவைப்பட்டது. ஆனாலும் அன்றைய நான் கொடுத்திருக்க மாட்டேன் என்றே அஞ்சுகிறேன். அப்படியானால் அவள் வேறெங்கோ வேலை தேடிக்கொண்டு, என்னை வாயாரத் திட்டிக்கொண்டு, உயிரோடிருப்பாள். அந்தத் திட்டைக் கேட்க நான் கொடுத்துவைக்கவில்லை.

ஆகவே அழையுங்கள். அவசரமென்றாலும் அழையுங்கள், ஆளைப் பிடித்துவிட்டதென்றாலும் அழையுங்கள். "நாணயமானவரா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "இவரை எங்கே நிறுத்தினால் நன்றாக இருப்பார்? எங்கே நிறுத்தவே கூடாது?" என்று கேளுங்கள். பதில் சொல்ல மறுமுனையில் ஒருவர் காத்துக்கொண்டிருக்கக்கூடும்.

கைதட்ட வேண்டாம். செவி தந்த அவைக்கு நன்றி கூறி, அமர்கிறேன். வணக்கம்.