பதினொரு வீதம்

மட்டக்களப்புச் சனம் மீன்தலையை எறிவதில்லை. தொண்ணூற்றாறு வீட்டுக் குப்பையை ஐந்து மாதமாகக் கிளறியவன் என்ற முறையில் இதை நான் உறுதியாகச் சொல்வேன். நண்டுக்கோது வரும், இறால்தோல் வரும், செவ்விளநீர்க் கோம்பை வரும். தலை மட்டும் ஆணத்துக்குள், குழம்புச்சட்டிக்குள் போய்விடும். ஒரு வீட்டுக்காரர் தன்னைப் பற்றிச் சொல்வதை நான் நம்புவதில்லை. எறிந்ததைக் காட்டினால் போதும்.

ஐயா, இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உங்கள் கான்ஸ்டபிள் நேற்று எழுதியதில் 'எடை போட்டேன்' என்பது 'கடை போட்டேன்' என்று இருந்தது. நான் கடை போடவில்லை. இந்த நகரம் எதை எறிகிறது என்று ஆய்வு செய்தேன். ஆச்சிப்பிள்ளையும் அவருடைய மகள் விதுர்ஷாவும் எப்படிச் செத்தார்கள் என்பதில் எழுத்துப்பிழை வரக்கூடாது.

முதலில் வேலைமுறை. அது விளங்காவிட்டால் மற்றதும் விளங்காது. வெள்ளிக்கிழமைகளில் அந்த வீடுகளின் பைகளை றவூப் சேர்த்துக்கொண்டு வருவார். அவர் காத்தான்குடிக்காரர், உழவு மெசின் ஓட்டுகிறவர், நல்ல மனிதர், கொஞ்சம் வாய்நீளம். பதினொன்றரைக்கு வாவிக்கரைக் குப்பைமேட்டு வாசலில் முழுப் பாரத்தையும் நிறுத்துக் கொப்பியில் எழுதுவேன். பிறகு மெசினின் பின்பெட்டியை வெயிலிலே விட்டுவிட்டு அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போவார், நான் அறைக்குப் போய்ச் சாப்பிடுவேன். இரண்டு மணிக்குத் திரும்பி வந்து சோறு, மரக்கறி, பொலித்தீன், துணி என்று பிரித்து வேறுவேறாக நிறுப்போம். அவற்றைக் கூட்டினால் வாசலில் நிறுத்த பாரம் வரவேண்டும். தை மாதத்து மழைக்குள் மூன்று முறை சோதித்துப் பார்த்தேன். ஈரம் வடிவதால் நூற்றுக்கு மூன்று வீதம் குறைந்தது. அந்த மூன்றை அனுமதித்தேன்.

சித்திரை முடியும்போது வித்தியாசம் ஏழு வீதமாகி, வைகாசியில் பதினொன்றானது.

ஆய்வுக் கூட்டத்தில் என் மேற்பார்வையாளர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "மிச்ச எட்டையும் காகமா தின்டது, நிலோஜன்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஐந்து மாதம் அடுத்தவர் அழுக்கில் கைவிட்டவனுக்கு அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று நீங்கள் யோசித்துப் பாருங்கள். வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது.

றவூப்பிடம் சொன்னேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

"கச்சான் காத்து அடிக்குதெலுவா சேர். என்ட சாரனக் கழுவிப் போட்டா பத்து நிமிசத்துல காயுது. குப்பை காயாதா?"

சாரன் வேறு, தரவு வேறு என்றேன்.

அடுத்த வெள்ளி நான் சாப்பிடப் போகாமல் வாசல் கொட்டகைக்குள் நின்றேன். பன்னிரண்டேகாலுக்கு ஆச்சிப்பிள்ளை வந்தார். மேட்டில் போத்தலும் தகரமும் பொறுக்குகிறவர். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு. நாற்பத்தோராம் இலக்க வீட்டுப் பையை அவிழ்த்து ஒரு பாண் துண்டையும் இரண்டு சோற்றுப் பார்சலையும் எடுத்தார். நான் வெளியே வந்தேன்.

"என்னக்கா இது?"

"கோழிக்கு மனெ."

"எத்தின கோழி?"

"ரெண்டு."

"ரெண்டு கோழி இவ்வளவு சோறு தின்னுமா?"

"நாங்களும் தின்னுறதான்" என்றார். "கட்டு அவிழ்க்காத பார்சல் எலுவா. இது குப்பை இல்ல மனெ, மிச்சம்."

என் படிவத்தில் மிச்சம் என்று ஒரு நிரல் கிடையாது. ஒருவர் எறிந்தால் அது கழிவு. எடுத்ததை அவரிடமிருந்து வாங்கி நிறுத்துப் பார்த்தேன், ஒரு கிலோ எண்ணூறு கிராம். பெட்டியில் இருந்தது அறுநூறு கிலோ. வாரத்துக்குக் குறைந்துகொண்டிருந்தது அறுபத்தாறு கிலோ. மற்றதை எங்கே ஒளித்திருப்பார் என்று யோசித்தேன்.

ஆய்வு என்றால் என்ன என்று அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். அவர் தலையாட்டிக் கேட்டார். "கண்ணகை அம்மாளாண, இனி உங்கட பெட்டியில கை வைக்கமாட்டன்" என்று சத்தியம் பண்ணினார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த வெள்ளி பதினொன்று. அதற்கடுத்த வெள்ளி பதினொன்றரை.

"ஆணையிட்ட மனிசி சேர், தொடமாட்டா" என்றார் றவூப். அவர் ஜும்ஆவில் இருந்தவர், அவருக்கு எப்படித் தெரியும்? மறுபடி ஒளிந்திருந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அது ஆய்வாளனுக்கு அழகல்ல. தராசுக்கு வாயில்லை, அதனால் அது பொய்யும் சொல்லாது. சந்தேகத்துக்கு மருந்தில்லை என்பார்கள். அப்பாவின் வயல்வட்டையில், வாடிக் குடிசைக்குள், பூச்சிக்கு அடித்து மிஞ்சிய மருந்து அரைப்போத்தல் கிடந்தது.

ஆகவே ஒரு சோதனை வைத்தேன். சோதனை என்ற சொல்லைக் கவனிக்கவும். ஒரு சோற்றுப் பார்சலுக்குள் அந்த மருந்தைக் கலந்து, வாசலில் நிறுத்த பிறகு பெட்டியின் ஓரத்தில் வைத்தேன். தொடாதவருக்கு அதனால் ஒரு தீங்கும் இல்லை. ஆணையைக் காப்பாற்றினால் அவர் பிழைத்துக்கொள்வார். பார்சலின்மேல் ஒரு வேப்பங்கொத்தும் வைத்தேன். வாசலில் வேப்பிலை கட்டியிருந்தால் வீட்டுக்குள் நோய், கிட்டப் போகக்கூடாது என்பது இங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எச்சரித்துவிட்டுத்தான் வைத்தேன். றவூப் கண்டதாக உங்களிடம் சொன்னது இதைத்தான். அவர் பொய் சொல்லவில்லை.

இரண்டு மணிக்கு வந்து பார்த்தபோது பார்சல் இல்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை காலையில் மேட்டில் கதை வந்தது. தாயும் மகளும் தாங்களாகவே மருந்து குடித்துவிட்டார்கள் என்று ஊர் பேசியது, நீங்களும் முதலில் அப்படித்தான் எழுதினீர்கள். விதுர்ஷா பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் படுக்கைவிரிப்புத் துவைக்கிற பிள்ளை. இருபத்திரண்டு வயது. கோயில் குளிர்த்திச் சடங்குக்கு லீவில் வந்திருந்ததாம். அந்தப் பிள்ளை என் திட்டத்தில் இல்லை. அதற்காக உண்மையிலேயே வருந்துகிறேன்.

இதுவரை எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். சில இடங்களைத் திருத்த வேண்டும். கான்ஸ்டபிளின் பிழையைச் சொன்னவன் என் பிழையை விட்டுவைக்கக்கூடாது.

நான் வைத்தது வெறும் சோறு அல்ல, பொங்கல். அதைச் சுற்றியிருந்தது லஞ்ச் சீட் அல்ல, வாழையிலை. எங்கள் பக்கத்துக் கண்ணகை அம்மன் கோயிலில் குளிர்த்தி முடிந்து வீடுவீடாகக் கொடுக்கிற பொங்கல். வாழையிலையில் மடித்து, மேலே ஒரு வேப்பங்கொத்துச் செருகித்தான் கொடுப்பார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த பங்கைத்தான் நான் கொண்டுபோனேன்.

வேப்பிலையை எச்சரிக்கை என்று எழுதியிருந்தேன். அதற்கு முந்திய வெள்ளியில் நடந்ததையும் எழுதினால்தான் அது சரியாகும். அன்றைக்கு நான் அறைக்குப் புறப்படும்போது ஆச்சிப்பிள்ளை வாசலுக்கு வந்தார். கை வெறுங்கை. பெட்டியிலிருந்து பத்தடி தள்ளி நின்றுகொண்டு பேசினார்.

"மனெ, உங்கட பெட்டியில ஒரு பை கிழிஞ்சு கிடக்கு. அதுக்குள்ள அம்மாள்ற பொங்கல் தெரியுது. நான் தொடல்ல. நீங்க சொன்னா எடுக்கன். அது குப்பைக்குள்ள கிடக்கப்படா, ஊருக்கே கூடாது."

எடுத்து நிறுத்தேன். முந்நூற்றுப் பத்து கிராம். கொப்பியில் எழுதிவிட்டுக் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு பிடியை நின்ற நிலையிலேயே வாயில் போட்டார். மற்றதை மடித்துச் சீலைத் தலைப்பில் முடிந்தார்.

"இது புள்ளைக்கு. லீவில வாறாள். அம்மாள் சோறு தனியத் தின்னப்படா."

"இனிக் கேக்கத் தேவையில்லக்கா" என்று நான் சொன்னேன். "அம்மாள் சோறு கண்டா எடுங்க."

அவர் என்னைக் கும்பிட்டார். என்னைவிட இருபது வயது மூத்தவர். எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஆகவே ஐயா, இப்படி எழுதிக்கொள்ளுங்கள். ஆணையிட்டவர் வேறு எந்தச் சோற்றையும் தொடமாட்டார் என்பது எனக்குத் தெரியும். இதை எடுப்பார் என்பதும் தெரியும். பிள்ளைக்குக் கொண்டுபோவார் என்பதும், யோசித்துப் பார்த்தால், தெரியும். இரண்டு பேரையும் கொன்றவன் நான்தான்.

ஆனால் இந்த ஆய்வை அவர்களோடு சேர்த்துப் புதைத்துவிட வேண்டாம். கொப்பி மேசை லாச்சிக்குள் இருக்கிறது, அதை என் மேற்பார்வையாளரிடம் ஒப்படைத்துவிடுங்கள். முந்தநாள் வெள்ளிக்கிழமை, ஆச்சிப்பிள்ளை இல்லாத முதல் வெள்ளி. மேட்டில் ஒரு சனமும் இல்லை, நாய்கூட இல்லை. கச்சான் காற்று விடாமல் அடித்தது, தாள் பறக்காமல் கொப்பியின்மேல் கல்லை வைத்துக்கொண்டுதான் எழுதினேன். வாசலில் அறுநூற்றுப் பத்து கிலோ. பிரித்து நிறுத்தபோது ஐந்நூற்று நாற்பத்தொன்று.

வித்தியாசம் பதினொரு வீதத்துக்கும் மேலே. வேறு யாரோ எடுக்கிறார்கள், ஐயா. அவரை நீங்கள்தான் பிடிக்கவேண்டும்.