சிமிட்டாத படம்

ஃப்ளாஷ் அடித்தால் கண் சிமிட்டுவது யாருடைய குற்றமும் இல்லை, சார். நீங்களும் சிமிட்டுவீர்கள்.

என் தங்கை வெளிச்சம் வருவதற்கு முன்பே சிமிட்டுவாள். மேடையில் ஆடுகிறவள்; தாளம் அவள் உடம்பில் ஊறியது. எம்பி உச்சிக்குப் போகும் தாளத் தட்டில்தான் நான் பொத்தானை அழுத்துவேன் என்று அவளுக்குத் தெரியும்; சரியாக அதற்கு முன் இமை மூடிவிடும். கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு, ஃப்ளாஷை மட்டும் தனி ஸ்டாண்டில் மாட்டி மேடையைச் சுற்றி வைக்காத இடமில்லை. எல்லாப் படத்திலும் கால் பறக்கும், துணி பறக்கும், முகம் மட்டும் தூங்கும்.

போன வாரம் ஒப்பனை அறையில் சொன்னாள், புதுப் போஸ்டருக்குப் படம் எடுக்க வேறு ஆள் வருகிறாராம்.

"கோச்சுக்காதண்ணா. நான் தூங்குறதத்தான் உனக்கு எடுக்க வருது. பேசாம தொட்டில் கட்டிக் குடு, படுத்துக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். லைட்காரருக்குப் புரையேறிவிட்டது.

கோபம் இல்லை, சார். தொழில் யோசனைதான். எதிர்பார்த்தால் மூடுகிறாள்; ஒரு தட்டு முன்னாலேயே அடித்தால்?

மேடை விளிம்பருகே ஒட்டிய வெள்ளை நாடாவைப் பார்த்துத்தான் அவள் எம்புவாள். தாண்டினால் வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளம். நான் அப்படி எடுத்துப் பார்த்த அன்று பாட்டு ரெக்கார்டில் ஓடியதால் அது காலி. லைட்காரர் சொல்லியிருந்தார்: "அங்க மட்டும் அவ கண்ணுல அடிச்சிராதப்பா. கோடு தெரியாது."

மறக்கவில்லை. ஃப்ளாஷை அவள் கண் உயரத்துக்கு ஏற்றி, ஃபுல் பவரில் வைத்தேன். ஒரு தட்டு முன்னால் அழுத்தினேன்.

கண் திறந்துதான் இருந்தது. ஆனால் சுழன்ற துணி முகத்துக்குக் குறுக்கே வந்துவிட்டது. அந்தப் படமும் போச்சு. எனக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

பள்ளத்தில் மல்லாந்து கிடந்தாள். "அண்ணா" என்பதுபோல உதடு அசைந்தது. அப்புறம் அசையவில்லை.

ஏன் உடனே இறங்கவில்லை என்று கேட்கிறீர்கள். ஃபுல் பவரில் அடித்தால் மறுபடி சார்ஜ் ஆகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், சார். ஸ்டாண்டைப் பள்ளத்தின் ஓரத்துக்கு நகர்த்திவிட்டு, அதற்குத்தான் காத்திருந்தேன். பச்சை விளக்கு எரிந்தது. அழுத்தினேன்.

சிமிட்டவே இல்லை.

போஸ்டருக்கு இனி வேறு ஆள் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவள் மட்டும் அந்தப் படத்தைப் பார்த்திருந்தால், முதல் ஆளாகப் பாராட்டியிருப்பாள்.