மூன்று வாசல் தண்ணீர்

தெருவில் தெளித்த தண்ணீரில் சைக்கிள் ஏன் வழுக்கியது என்று மூன்று நாள் எனக்குப் புரியவில்லை. பால்காரர் வேலு என் வீட்டு எதிரே விழுந்தார். முந்தின வாரம் அடைமழையில் அதே சைக்கிளில் அதே இடத்தைக் கடந்தவர், அன்று விழவில்லை. நான் தெளித்ததோ அரை வாளி. நிறையத் தண்ணீரில் நின்ற சைக்கிள் கொஞ்சத் தண்ணீரில் ஏன் சாய வேண்டும்?

இன்ஸ்பெக்டர், நீங்கள் மைசூர் மைன்ஸுக்குப் புதியவர், அதனால் விளக்கிச் சொல்கிறேன். சுரங்கம் நடந்த காலத்தில் கல்லை மாவாக அரைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மலையாகக் குவித்துவிட்டார்கள். காற்று மாதங்களில் அந்த மாவு பறந்து வந்து சோற்றில் விழும். அதனால் துணி அலசிய தண்ணீரைக் காலையில் அவரவர் வீட்டு எதிரே ரோட்டில் தெளிப்போம். அவரவர் வாசலுக்கு மட்டும். குழாயில் தண்ணீர் வருவதே எப்போதாவது. அடுத்த வாசலுக்கு ஒரு சொம்புகூட யாரும் ஊற்றுவதில்லை.

நாலாம் நாள் விரலால் ரோட்டைத் தொட்டுப் பார்த்தேன், விடை கிடைத்தது. மழை மாவைக் கழுவிக்கொண்டு போய்விடும். அரை வாளி அதைப் பிசைந்து பசையாக்கும். எவ்வளவு அழகு பாருங்கள். முப்பத்திரண்டு வருஷம் பிசிக்ஸ் நடத்தியவனுக்கு இதைவிட நல்ல காலை கிடையாது.

இனி மனோகர், இதே தெருவின் மறுகோடியில் இருப்பவர். எங்கள் தெருக் கோடியில் பழைய கருங்கல் சுவர் குறுக்கே நிற்கிறது. அங்கே இடப்பக்கம் திரும்பினால் கோரமண்டல் ஸ்டேஷன் போகும் ரோடு. பெங்களூர் ரயிலைப் பிடிக்க மனோகர் தினமும் காரில் மணிக்கு ஐம்பத்து நாலு கிலோமீட்டர் வேகத்தில் வருவார். அதாவது நொடிக்குப் பதினைந்து மீட்டர். என் கணிப்பில்லை, மாடியில் ஸ்டாப் வாட்சோடு பதினோரு நாள் நின்று அளந்தது. சுவருக்கு இருபத்து நாலு மீட்டர் முன்னால், எங்கள் பக்கத்து வீட்டு மாலாவின் வாசல் கம்பத்தருகே பிரேக்கை மிதிப்பார். காய்ந்த தாரில் வேகம் நொடிக்கு ஏழு மீட்டர் வீதம் குறையும். பதினாறு மீட்டரில் வண்டி நிற்கும். அவருக்கு அது போதும்.

என் மனைவி சகுந்தலாவுக்குப் போதாது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு, எதிர்ப்பக்கக் குழாய்க்கு ரோட்டைக் கடக்க அவளுக்கு ஒன்பது நொடி ஆகிறது. இரண்டு தடவை மயிரிழையில் தப்பினாள். வேகத்தடைக்கு, அதாவது ஹம்ப்புக்கு, நகரசபை ஆபீஸில் மனு கொடுத்தேன். அந்த ஆபீஸில் இருந்தவர் மரியாதையானவர்.

“வாங்க சார், ஒக்காருங்க. அந்த ரோட்ல ஆக்சிடென்ட் எதனா ஆயிருக்கா?”

“இன்னும் இல்லை.”

“அப்ப இன்னாத்துக்கு சார் ஹம்ப்பு?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆதாரம் இல்லாமல் நானும் மார்க் போடமாட்டேன். ஆகவே ஆதாரத்துக்கு ஏற்பாடு செய்தேன்.

சுவரிலிருந்து அந்தக் கம்பம் வரை மூன்று வீடுகள், ஒவ்வொன்றுக்கும் எட்டு மீட்டர் முகப்பு. நடுவில் என் வீடு, மற்ற இரண்டு வீட்டிலும் தெளிப்பது மனோகர் போன பிறகுதான். பசையில் வேகம் நொடிக்கு இரண்டரை மீட்டர்தான் குறையும். என் வாசல் மட்டும் நனைந்தால் மனோகர் இருபத்தொரு மீட்டரில் நின்றுவிடுவார். அதுதான் அத்தனை நாளும் நடந்தது. அவருக்குத் தெரியவே இல்லை. இரண்டு வாசல் நனைந்தால் சுவரை இருபது கிலோமீட்டர் வேகத்தில் தொடுவார். ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு வாசல் தெளித்தேன். பம்பர் நசுங்கி, நெற்றியில் நாலு தையல். கணக்கு அப்படியே வந்ததில் எனக்கு மகிழ்ச்சி, மறைக்கமாட்டேன்.

பழம் வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன்.

“பிரேக்கு பூடுச்சு சார்,” என்றார் மனோகர். “மிதிக்கிறேன், வண்டி பாட்டுக்குப் போவுது.”

பிரேக் சக்கரத்தை மட்டும்தான் நிறுத்தும், வண்டியை நிறுத்துவது டயரும் ரோடும் என்று பொறுமையாக விளக்கினேன். காகிதத்தில் படம்கூடப் போட்டேன்.

“போங்க சார், நீங்களும் ஒங்க படமும். தொட்டா நிக்கணும், அதான் பிரேக்கு.” பக்கத்தில் அவர் மனைவி ஷில்பா சிரித்தாள். “பரீட்சை வெக்கிறதுக்குள்ள காபி குடிங்க சார்” என்று டம்ளரை நீட்டினாள். நல்ல பெண். சகுந்தலாவுக்குக் குடம் தூக்கிக் கொடுப்பவள்.

நசுங்கிய பம்பரின் போட்டோவோடு மறுபடி ஆபீஸுக்குப் போனேன்.

“நாலு தையலுக்கெல்லாம் ஆவாது சார். டெத் ஆன ரோட்டுக்கே லிஸ்ட்டு நீளமா கீது.”

இரண்டு வாரத்தில் மனோகர் புது பிரேக் மாட்டிக்கொண்டு பழைய வேகத்துக்கே வந்துவிட்டார். சீட் பெல்ட் மட்டும் அப்போதும் போடவில்லை. ஸ்டேஷனுக்கு எதற்கு என்பார். வியாழக்கிழமை விடிந்ததும் மூன்றாவது வாசலுக்குப் போனேன். மாலா கோலப்பொடியோடு வெளியே வந்தாள்.

“இன்னா சார், எங்க வாசலுக்கும் சேத்து தெளிக்கிறீங்க? ஒங்க கொழாய்ல மட்டும் கங்கை வருதா?”

“தூசிம்மா,” என்றேன். “புண்ணியமாப் போவட்டும்” என்று உள்ளே போனாள்.

டெத் ஆன ரோடு ஆயிற்று, எட்டே நாளில் ஹம்ப் போட்டார்கள். இப்போது எல்லா வண்டியும் எங்கள் வாசலைப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில்தான் கடக்கிறது. சகுந்தலா நிதானமாக ரோட்டைக் கடக்கலாம். ஆனால் அவள் ஈர வாசல்களை எண்ணிப் பார்த்தாள், உங்களிடம் வந்து சொன்னாள், பிறகு பேத்தமங்களாவில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். கோபம் தணிந்ததும் வருவாள். அவளுக்காகத்தானே ஹம்ப்.

நீங்கள் கேட்ட ஒரு கேள்வி பாக்கி. அன்று ஷில்பாவும் வண்டியில் இருப்பது எனக்குத் தெரியுமா? தெரியும். வாளியோடு வாசலில் நின்றிருந்தேன், தெருமுனையிலேயே அவள் முகம் தெரிந்தது. கையைக் காட்டியிருந்தால் மனோகர் நிறுத்தியிருப்பார், நேரம் இருந்தது. அந்த நேரத்தில் கணக்கை ஒரு தடவை சரிபார்த்தேன்.

உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நனைத்த நீளத்தை ஒன்பதால் பெருக்கி, நூற்றுப் பதினொன்றைக் கழித்தால், சுவரை மோதும் வேகத்தின் வர்க்கம் வரும். இருபத்து நாலு மீட்டருக்கு நூற்றைந்து. அதாவது நொடிக்குப் பத்தேகால் மீட்டர், மணிக்கு முப்பத்தேழு கிலோமீட்டர். எடை இந்தக் கணக்கில் அடிபட்டுப் போய்விடும். வண்டியில் ஒருவர் இருந்தாலும் இரண்டு பேர் இருந்தாலும் விடை முப்பத்தேழுதான்.