நம்பர் மாறக் கூடாது

— நம்பர் மாறக் கூடாது தம்பி. மத்ததெல்லாம் ஒங்க இஷ்டம்.

— எக்கா, சொல்லுதேன் கேளுங்க. தனியார் கம்பெனி கனெக்சன்னா இப்பமே மாட்டி, அஞ்சு நிமிசத்துல பேசிரலாம். போன் இன்டர்நெட்டு வழியாத்தான் போவும். வெளிநாட்டுலருந்து பேசுனாலும் பக்கத்து ரூம்ல நின்னு பேசுத மாதிரி இருக்கும். நம்பர் மட்டுந்தான் புதுசு.

— புதுசுன்னா வேண்டாம்.

— இந்தப் பொட்டல்புதூர்ல மட்டும் நாப்பது வீட்டுக்கு மாட்டியிருக்கேன், பாத்துக்கிடுங்க. ஒரு வீட்டுலயும் 'தேவசிகாமணி, எனக்குப் பழைய நம்பர்தான் வேணும்'னு யாரும் கேக்கல.

— அந்த நாப்பது வீட்டுல எந்த வீட்டுப் புள்ள ஜெயில்ல கெடக்கான்?

— எக்கா... எனக்குத் தெரியாதுக்கா.

— ஊருக்கே தெரியும், ஒங்களுக்குத் தெரியாதாக்கும். எம்மவன் ஆதில். அரபு நாட்டுல தண்ணி லாரி ஓட்டுனான். ரோட்டுல ஒரு ஆளு மேல இடிச்சி, அந்த ஆளு மவுத்தாயிட்டாரு. உள்ள வச்சி ஒண்ணரை வருசமாவுது.

— உள்ளருந்து பேச விடுவாவளா?

— வாரத்துக்கு ஒரு தடவ விடுவாவளாம். உள்ள போன அன்னைக்கே ஒரு நம்பர் எழுதிக் குடுக்கணும். அந்த ஒத்த நம்பருக்குத்தான் போவும். கையிலருந்த செல்லப் புடுங்கிட்டாவ. செல்லுல கெடக்க நம்பர் யாருக்கு மனசுல நிக்கும்? எம்புள்ளைக்கு நெனவுல நின்னது இந்த வீட்டு நம்பர்தான். அவன் மூணாப்பு படிக்கையில அவன் வாப்பா இந்த போன வச்சாவ. மனப்பாடம் பண்ணணும்னு சுவத்துல பென்சில்ல எழுதிப் போட்டான். அங்கன பாருங்க.

— ஆமா, இருக்கு. மேல 'ஆதில் வீடு'ன்னுகூட எழுதியிருக்கு.

— ரெண்டு பெருநாளைக்கு வீட்டுக்கு வெள்ளையடிச்சாச்சு. அந்த எடத்த மட்டும் தொட விடல.

— சரிக்கா. நம்பர் அதே வேணும்னா சர்க்கார் ஃபைபர்தான் வழி. அதுவும் இன்டர்நெட்டு போன்தான், அதையும் நான்தான் மாட்டுதேன். வயரத்தான் மாத்துவாவ, நம்பர் அப்படியே இருக்கும். முப்பதாம் தேதியோட பழைய செம்பு வயர் லைன் எல்லாத்தையும் நிப்பாட்டப் போறாவ. ஆனா ஒண்ணு, பொறவு என்னக் குத்தம் சொல்லக் கூடாது. ரிப்பேர்னா ஆளு வர ரெண்டு நாளாவும்.

— ரெண்டு நாளா? அது வெள்ளிக்கிழமையா இருந்தா நான் என்ன செய்வேன்?

— வெள்ளிக்கிழமைல என்னக்கா?

— வெள்ளிக்கிழமதான் அவனுக்கு முறை. பீர் முகம்மது சொன்னான். மேலத்தெருப் பையன். எம்புள்ளகூட ஒரே ரூம்ல கெடந்தவன். மூணு வாரத்துக்கு முன்ன விட்டுட்டாவ. வந்து இந்த நாற்காலியில உக்காந்து என்னயப் பாத்து என்ன கேட்டான் தெரியுமா? 'ஏன் மாமி, ஆதில் போன் போட்டா பேசமாட்டேங்கியளாமே'ன்னு கேட்டான்.

— நீங்க என்ன சொன்னிய?

— என்னத்தச் சொல்ல? அல்லாவே! ஒரு தடவ, ஒரே ஒரு தடவ எம்புள்ள குரல் இந்த போன்ல வந்தது கெடையாது. வெள்ளிக்கிழம மத்தியானம் லுஹரத் தொழுதேன்னா இதுக்கு முன்னாலதான் உக்காந்து கெடப்பேன். பாத்ரூமுக்குப் போவணும்னாகூட எம்மவ முஃபீதாவ இங்கன உக்கார வச்சிட்டுத்தான் போவேன். பீர் முகம்மது பொய் சொல்லுதான்னு வாயில வந்ததெல்லாம் சொல்லி ஏசிட்டேன். அந்தப் பையன் தலையக் குனிஞ்சிட்டுப் போனான்.

— அப்பம் லைன்லதான் கோளாறு. மழையில வயரு அரிச்சிப் போயிருக்கும். அங்க அடிக்கும், இங்க வந்து சேராது.

— அதத்தான் நானும் சொல்லுதேன். இந்த லைனுதான் எம்புள்ளைய முழுங்குது. அவன் என்னடான்னா, நான் இன்னும் கோவத்துல இருக்கேன்னு நெனச்சிட்டிருக்கான்.

— பெத்த தாய்க்கு அப்படி என்னக்கா கோவம்?

— அவனுக்குக் கல்யாணத்துக்கு நாள் குறிச்சிருந்தேன். பொண்ணு வீட்டுல பந்தல்கூட போட்டாச்சு. நாலு நாள் இருக்கையில, ஏஜெண்டு கூப்பிட்டான்னு சொல்லாம கொள்ளாம பிளேன் ஏறிட்டான். அங்க போய் எறங்கி போன் போட்டான். 'இனிமே எனக்குப் போன் போடாத, எனக்கு மவனே கெடையாது'ன்னு சொல்லி வச்சிட்டேன். இந்த வாயிதான் சொல்லிச்சு. அதுக்கப்புறம் தங்கச்சிகிட்ட பேசுவான். 'உம்மாட்ட குடு'ம்பான். நான் கைய நீட்டி வாங்கல. ஆறு மாசம் வாங்கல தம்பி. ஒரு நாளு அவனும் கூப்பிடல. கேட்டா, ஜெயில்லங்காவ.

— அழாதியக்கா. இந்தாங்க, தண்ணியக் குடிங்க.

— பீர் முகம்மதுட்ட சொல்லி விட்டிருக்கான். 'இந்த மாசம் பாப்பேன். உம்மா பேசலன்னா இனி போன் பக்கமே போவ மாட்டேன்'னு. இன்னைக்குத்தான் மாசத்துக்குக் கடைசி வெள்ளி.

— இன்னைக்கேவா? மொதல்லயே சொல்லியிருக்கலாம்லாக்கா! மணி ரெண்டு தாண்டிட்டே. சர்க்கார் ஃபைபரே போட்டுருவோம். பேச்சு வேண்டாம். ஆபீசுக்குப் போன் போட்டு ஒங்க மனுவ இப்பமே ஏத்தச் சொல்லுதேன் இரிங்க... ஏத்தியாச்சாம். பொட்டிய இந்தச் சுவத்துல அடிக்கேன்.

— பைய அடிங்க. அந்த எழுத்து மேல ஆணி பட்டுராம.

— படாதுக்கா. இன்னொண்ணு, பழைய போனுக்கு அந்த வயர்லயே கரண்டு வரும். இதுக்கு வீட்டுக் கரண்டுதான். கரண்டு போனா போனும் போயிரும்.

— அப்பம் என்ன செய்ய?

— சின்னப் பேட்டரி ஒண்ணு வச்சா நாலு மணி நேரம் தாங்கும்.

— ரெண்டு வைங்க.

— ஒண்ணு போதும்க்கா.

— ரெண்டு வைங்கங்கேன்லா! அப்புறம் தம்பி, வேண்டாத ஆளு கூப்பிட்டா வராமத் தடுக்க இதுல வசதி உண்டா?

— உண்டு. இந்தப் பொட்டியிலயே உண்டு. யாரத் தடுக்கணும்?

— ஒரு கம்ப்யூட்டர் பொம்பள. வெள்ளிக்கிழம மூணு மணியானா கூப்பிட்டுருவா. எம்புள்ள கூப்பிடுத நேரமாப் பாத்து லைன அடைச்சிக்கிடுதா. அவ தொலைஞ்சாத்தான் அவன் கால் உள்ள வரும்.

— அவ என்னத்த விக்கா?

— யாரு கேட்டா? அரபுல என்னமோ ஆரம்பிப்பா. பக்கத்து வீட்டு நஃபீஸத்துக்கும் இப்படித்தான் ஒரு மிஷின் குரல் வந்துச்சு. ஒண்ண அமுக்குன்னு சொல்லிச்சாம். இவளும் அமுக்கிட்டா. மறுநாள் பாத்தா பேங்குல ஒண்ணுமில்ல. அந்த வாரமே ஜும்ஆ முடிஞ்சி பள்ளிவாசல் மைக்குல சொல்லிட்டாவ. வெளிநாட்டுலருந்து மிஷின் பேசுனா கேக்காதிய, எதையும் அமுக்காதிய, ஒடனே கட் பண்ணுங்கன்னு. அவ வாயத் தொறந்தான்னா நான் வச்சிருவேன். முஃபீதாவும் அப்படித்தான்.

— நல்ல காரியம் செஞ்சிய. பழைய போன்ல நம்பர் தெரியாது. இந்தப் புது போன்ல தெரியும், பாத்துக்கிடுங்க. மூணு மணிக்கு வரட்டும் அந்த அம்மா. நம்பரக் குறிச்சி ஒரேயடியா அடைச்சி விட்டுருதேன். பொறவு ஆயுசுக்கும் வராது.

— அல்லா ஒங்களுக்கு நல்லது செய்வான் தம்பி.

— இன்னா, லைட்டு பச்சையாயிட்டு. என் செல்லுலருந்து அடிக்கேன்... அடிக்கா?

— அடிக்கி! பழைய நம்பருக்குத்தான அடிச்சிய?

— சுவத்துல உள்ளதப் பாத்துத்தான் அடிச்சேன்.

— மணி என்ன?

— மூணாவப் போவுது.

— யா அல்லா, இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் அவன் குரலக் காட்டு. என்ன ஏசுனாலும் பரவாயில்ல. ஏசட்டும். கேட்டுக்கிடுதேன்.

— எக்கா, அடிக்கி! எடுங்க.

— ஹலோ? ஆதிலு? ஹலோ... சீ, அவதான்! நாசமாப் போவா, இன்னைக்கும் வந்துட்டா!

— பொறுங்கக்கா! கட் பண்ணுனா நம்பரு போயிரும். ஸ்பீக்கர்ல போடுதேன். நான் எழுதிக்கிடுதேன்.

— ஒண்ணையும் அமுக்கிராதிய தம்பி!

— அமுக்கல, அமுக்கல. வெளிநாட்டு நம்பருதான். அரபு முடிஞ்சிட்டு... இப்பம் இங்கிலீசுல பேசுதா. எக்கா, இருங்க. கைய எடுங்க. இது விக்க வந்த குரல் இல்ல.

— பின்ன என்னவாம்?

— செறையிலருந்துங்கா. பேச சம்மதம்னா ஒண்ண அமுக்கணுமாம். கூப்பிடுத ஆளு தன் பேரச் சொல்லிப் பதிஞ்சி வச்சிருக்காராம், மொதல்ல அதக் கேளுங்கங்கா.

— யாரு பேரு?

— இன்னா, அந்தக் குரலு ஸ்பீக்கர்ல வருது, கேளுங்க.

— உம்மா, ஆதில். வச்சிராதிய.