ஆறாவது முனை

மணி மூன்றே கால். இருட்டு விலகவில்லை, கோழியும் கூப்பிடவில்லை. பூலாம்பாடியிலிருந்து மலையடிவாரத்துக்குப் போகிற மண் ரோடு... அந்த நேரத்துக்கு அங்கே நாய்கூட நடக்காது. அங்கேதான் ஒரு பைக் விளக்கை அணைத்துவிட்டு நின்றது.

மகேஷ், நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் அந்தப் பசை டியூப்பைக் கீழே வை. ரோட்டில் காயப்போட்ட சோளத்துக்குக் காவல் இருக்க வந்தாயா, அம்புக்கு முனை ஒட்ட வந்தாயா? கவியா, நீ தார்ப்பாய்க்குள் தள்ளி உட்கார். ஆண்டாயி அக்கா, தூக்கம் வராமல் இருக்க ஒரு பேய்க் கதை சொல்லு என்று நீங்கள்தானே கேட்டீர்கள். அப்புறம் பயமாக இருக்கிறது என்று என் மேல் வந்து விழக் கூடாது.

இது வேப்பந்தட்டைப் பக்கத்தில் என் கூட்டாளி ஒருத்தியின் வீட்டுக்காரருக்கு நடந்தது. மீன்சுருட்டியில் இருக்கிற உங்களுக்கு அவளைத் தெரியாது.

பைக்கில் வந்தவர்கள் இரண்டு பேர். பிரேம்குமார், அவன் சிநேகிதன் மணிவண்ணன். பன்றி வேட்டைக்கு வந்தார்கள். துப்பாக்கி வெடித்தால் ஃபாரஸ்ட்காரர்களுக்குக் கேட்டுவிடும் என்று பிரேம்குமார் ஆன்லைனில் வில் வாங்கியிருந்தான். அம்பு ஆறு. தண்டு தனியாக, முனை தனியாக வரும். முனை என்றால் சும்மா ஊசி இல்லை, மூன்று பக்கமும் பிளேடு. தண்டின் வாயை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். ஸ்பிரிட் துணியால் துடைக்க வேண்டும். இரண்டு டியூப் பசையையும் சரிபாதி குழைத்துத் தடவி, முனையைத் திருகித் திருகி உள்ளே இறக்க வேண்டும். அப்புறம் முனை மேலே பார்க்க மணல் வாளியில் நட்டு, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட வேண்டும். எல்லாம் அவனுக்குத் தெரியும். ஆனால் அவசரம்... சாயங்காலம் ஒட்டியதை அன்று ராத்திரியே எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

என் கூட்டாளியின் வீட்டுக்காரர் பெயர் சாமிதுரை. கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தன் சோளக்கொல்லை வரப்பில் காவலுக்குக் குந்தியிருந்தார். கொஞ்சம் கண் அசந்திருப்பார் போல. தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்பாக ஒரு மேடு, அவ்வளவுதான். சர்ர்... என்று ஒரு சத்தம். அப்புறம் ஈரச் சாக்கில் கம்பி இறங்கினது போல ஒரு சத்தம். பன்றி உறுமவில்லை. "அம்மா" என்றது.

கிட்டே போய் டார்ச் அடித்தார்கள். விலாவில் அம்பு. உயிர் இருந்தது, நினைவும் இருந்தது. பைக்கில் நடுவே உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றான் மணிவண்ணன். பிரேம்குமார் கேட்கவில்லை. அம்போடு கொண்டுபோனால் விட்டது யார் என்று கேட்பார்களே. அவர் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, அம்பைத் திருகி இழுத்தான். லேசாக வந்துவிட்டது. ரொம்ப லேசாக... பார்த்தால் வெறும் தண்டு. அதன் வாயில் பசை நூல் நூலாகத் தொங்கியது.

சாமிதுரை அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன்னுது உள்ள கெடக்குடா. வந்து எடுத்துட்டுப் போ."

கையை உதறிவிட்டு ஓடிவிட்டார்கள். அவர் உடனே சாகவில்லை. ரோட்டுப் பக்கமாக ஏழெட்டு முழம் ஊர்ந்த தடம் வரப்பில் இருந்தது. இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

பன்றி குத்திவிட்டது என்று காலையில் முதலில் சொன்னவன் பிரேம்குமார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் அறுத்துப்போடுவார்கள், அறுக்க விடக் கூடாது, சட்டென்று எடுத்துவிடலாம் என்று பெரிய மனுஷன் போலப் பேசியவனும் அவன்தான். பாடையை ஒரு பக்கம் தூக்கவும் தூக்கினான், பாவி. பொழுது சாய்வதற்குள் எரித்துவிட்டார்கள்.

ஆனால் குளிப்பாட்டியவள் பெண்டாட்டி. சீயக்காய் போட்டுத் தேய்க்கும்போது விலாவுக்குள் ஏதோ கெட்டியாக அவள் விரலில் தட்டுப்பட்டது. பன்றி குத்தினால் கிழியும், இது இறங்கியிருந்தது. அவள் வாய் திறக்கவில்லை. சுற்றி நின்ற ஆம்பளைகளில் எவன் செய்தான் என்று தெரியாதே. சொன்னால் அவன் தப்பிவிடுவான். இரும்பு வேகாது, சாம்பலில் கிடக்கும். கிடக்கிறது என்று தெரிந்தவன் தேடிக்கொண்டு வருவான். அவள் அதற்காகக் காத்திருந்தாள்.

சுடுகாடு பொம்பளைகள் போகாத இடம். மறுநாள் விடிவதற்கு முன்பே தனியாகப் போனாள். சாம்பல் உள்ளே இன்னும் கனன்றுகொண்டிருந்தது. குச்சியால் கிளறினாள். கருகிப்போய், மூன்று பிளேடோடு கிடைத்தது. எடுத்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு எருக்கஞ்செடி மறைவில் குந்தினாள். கொஞ்ச நேரத்தில் பைக் சத்தம் கேட்டது. பிரேம்குமார். குச்சிகூட இல்லாமல் வெறும் கையால் சாம்பலைச் சலித்தான். கை வெந்தது, விடவில்லை. அதுதான் அவனுக்கு எதிரான ஒரே சாட்சி. கடைசியில் ஒன்றும் கிடைக்காமல் உட்கார்ந்து அழுதான்.

அன்று ராத்திரியே ஆரம்பித்துவிட்டது. இதெல்லாம் பின்னால் மணிவண்ணன் அவள் காலில் விழுந்து சொன்னது. மூன்றே கால் மணி ஆனால் பிரேம்குமார் வீட்டில் பசை வாடை வரும். மீன் கவிச்சி மாதிரி ஒரு வாடை. அப்புறம் டிக்... டிக்... என்று முனையைத் தண்டில் உட்காரவைக்கிற சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால், அந்த வெறும் தண்டு மணல் வாளியில் நிற்கும். வாயில் புதுப் பசை. ஸ்பிரிட் போட்டுத் துடைப்பான். மறுநாளும் அதேதான். கிணற்றில் வீசினான். விடியும்போது வாளியில் நின்றது, தண்ணீர் சொட்டச் சொட்ட. விலா வலிக்கிறது என்று போய்ப் படம் எடுத்தான். ஒன்றும் இல்லை என்றார்கள். இல்லடா, உள்ளே கிடக்கிறது என்று மணிவண்ணனிடம் சொல்லிக்கொண்டே இருந்தான்.

பதினாறாம் நாள், சாமிதுரைக்குக் கருமாதி. அன்று விடியலில் அவருடைய வரப்பில் பிரேம்குமார் செத்துக் கிடந்தான். வலது கை விரல்கள் விலாவுக்கு மேலே எதையோ திருகி இழுக்கிற மாதிரி மடங்கியிருந்தன. வெளியே ஒரு கீறல் இல்லை. இவனை அறுத்தார்கள். உள்ளே மூன்று பக்கமும் கிழிந்த ஓட்டை. குத்தினது எது என்றுதான் கிடைக்கவில்லை.

என்ன கவியா... அந்த முனை எங்கே என்றா கேட்கிறாய்?

அதை அவள் இடுப்பை விட்டு இறக்கவே இல்லை. கருமாதி அன்று விடியற்காலையில் விழித்துச் சுருக்குப்பையைத் தொட்டுப் பார்த்தேன். கட்டு கட்டினபடியே இருந்தது. உள்ளே காலி. ஆமாம், நான்தான். சாமிதுரை என் வீட்டுக்காரர். அவர் போன அப்புறம்தான் உங்கள் ஊருக்குப் பிழைக்க வந்தேன். பொழுது விடிந்து அவன் செத்த சேதி வந்தபோது பை கனத்தது. பிரித்தேன். தீயில் கருகின முனை பளபளவென்று இருந்தது... ஈரமாக. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

மகேஷ், வேப்பந்தட்டைப் பக்கம் ஏதோ ஒரு வீட்டில் கேட்ட விலைக்குக் கொடுத்தார்கள் என்று இந்த வில்லை வாங்கி வந்தாய். தண்டு ஆறு, முனை அஞ்சு, ஒன்று குறைகிறது என்று சாயங்காலம் முழுக்கப் புலம்பினாய். கழன்று கிடந்த அஞ்சைத்தான் திரும்ப ஒட்டி, நீயும் ஒரு மணல் வாளியில் நட்டு வைத்தாய். நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். ஒரு நாள் ஆறவிடாமல் இன்றைக்கே பன்றிக்குப் போகிறேன் என்றும் சொன்னாய். எந்த வரப்பில் யார் போர்த்திக்கொண்டு குந்தியிருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியுமா?

உன் செல்லில் லைட்டைப் போடு. அந்த மணல் வாளிப் பக்கம் காட்டு. முனைகளை எண்ணு.

நான் கதையை ஆரம்பிக்கும்போது இந்தச் சுருக்குப்பை கனமாக இருந்தது.